நெடுந்தீவு வழியாக லுவாங்குவா

ஆபிரிக்காவில் காட்டு மிருகங்கள் பார்க்கப் போனவர்கள் எழுதிய கட்டுரைகளை நானும் வாசித்திருக்கிறேன். எல்லாரும் நைரோபியிலோ லுசாக்காவிலோ விமானத்தை விட்டு இறங்கித்தான் தொடங்குகிறார்கள். நான் யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் துறையில் தொடங்க வேண்டியிருக்கிறது. என்னுடைய பயணம் அங்கே புறப்பட்டு நெடுந்தீவில் முடிந்துபோனது. ஆனாலும் அது ஆபிரிக்கப் பயணம்தான். வேறு பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

எழுபதுகளின் கடைசி. சாம்பியாவில் கணிதம் படிப்பிக்கும் என் அண்ணன் அந்த மார்கழியில் எங்கள் தீவு ஊரான இறுப்பிட்டிக்கு லீவில் வந்திருந்தார். அப்போது எங்கள் பக்கத்தில் படித்த வீட்டுக்கு ஒருவர் ஆபிரிக்காவில் இருந்தார். படிக்காத வீட்டுக்கு ஒருவர் கொழும்பில் கடை வைத்திருந்தார். இரண்டு கூட்டமும் லீவில் வந்தால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு புட்டும் மீன்குழம்பும் தின்றுவிட்டுத் திரும்பிப் போகும். அண்ணன் மட்டும் எனக்கென்று ஒன்று கொண்டுவந்தார். வழவழப்பான தாளில் அச்சடித்த, வண்ணப் படங்கள் நிறைந்த மூன்று சிறிய புத்தகங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காட்டைப் பற்றியது.

"ஓகஸ்ட் லீவுக்கு வா. டிக்கெட்டை நான் பாக்கிறன்," என்றார். "மூண்டு இடம் இருக்கு. எது வேணுமெண்டு ஆறுதலா யோசிச்சு ஐயாவிட்டைச் சொல்லு. அவசரமில்லை."

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியை. வயது முப்பதைத் தாண்டியிருந்தது. சாதகத்தில் செவ்வாய் உட்கார்ந்திருந்ததால் கலியாணப் பேச்சுகள் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. அதைப் பற்றி அம்மாவுக்கு இருந்த கவலையில் கால்வாசிகூட எனக்கு இருக்கவில்லை. என் ஆசை வேறு. வருடா வருடம் கரும்பலகையில் சோக்கால் சவன்னாப் புல்லைக் கீறி, "இந்தப் புல் ஆளின் உயரத்துக்கு மேலே வளரும், பிள்ளைகள்" என்று சொல்லிச் சொல்லி, நான் கண்ணால் காணாத ஒன்றுக்குச் சாட்சி சொல்லுகிறேனே என்று வெட்கமாக இருக்கும். ஒரு தடவை, ஒரேயொரு தடவை, அந்தப் புல்லுக்குள் நடக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆகவே நான் மிகவும் பொறுப்பாகத் தெரிவு செய்தேன். முதலில் விக்டோரியா அருவிக் கரையைத் தள்ளினேன். மிருகம் குறைவு, தண்ணீர்தான் கூட. எங்கள் வீட்டுக் கிணறு உப்பு. நல்ல தண்ணீருக்கு வாளியோடு அரை மைல் நடப்பவளுக்கு, அவ்வளவு நன்னீர் சும்மா விழுந்து ஓடுவதைப் பார்த்தால் வயிறு எரியுமே தவிர ஆனந்தம் வராது. காஃபுவே பெரிய காடு, மிருக வகைகளும் அதிகம். ஆனால் எல்லாவற்றையும் வாகனத்துக்குள் இருந்தே பார்க்க வேண்டுமாம். லுவாங்குவாவில் மட்டும்தான், துவக்கு ஏந்திய காவற்காரர் ஒருவரின் பின்னால் வரிசையாக, காலால் நடந்து போகலாம் என்று அந்தப் புத்தகம் சொன்னது. நான் முடிவெடுத்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஐயா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். "ஐயா, லுவாங்குவா."

ஐயா கையைச் சோற்றுக் கோப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "வடிவா யோசிச்சனியோ?"

"ஓம்."

"மற்ற ரண்டும்?"

"மற்றதுகளும் கூடாதெண்டில்லை. எனக்கு லுவாங்குவாதான் பிடிச்சிருக்கு."

குசினி வாசலில் நின்ற அம்மாவின் கண் கலங்கிவிட்டது. தன் மகளுக்கு யானைகளின்மேல் இவ்வளவு ஆசையா என்று நெகிழ்ந்துபோனாள் என்றே நான் நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு மோதகம் அவித்தாள். மகள் காட்டுக்குப் போவதற்குப் பிள்ளையாரைப் பிடித்தது பொருத்தம்தான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

சித்திரை லீவு வந்தது. ஐயா ஒரு யோசனை சொன்னார். நெடுந்தீவில் தில்லைநாதன் மாஸ்டர் என்று ஒருவர், லுவாங்குவாவுக்குக் கிட்டத்தான் படிப்பிக்கிறாராம், லீவில் வந்து நிற்கிறாராம். நேரில் போய் விசாரித்தால் எல்லாம் தெளிவாகும். ஐயா ஒரு காலத்தில் நெடுந்தீவுத் தபாற்கந்தோரில் போஸ்ட்மாஸ்டராக இருந்தவர். தங்குவதற்கு அங்கே சண்முகம் வாத்தியார் என்ற பழைய சிநேகிதர் இருந்தார். போகாத ஊருக்கு வழி கேட்பது என்று ஒரு சொல் உண்டு. அதைத்தான் செய்யப் போனோம்.

முதல் நாள் புறப்படும்போதே அம்மாவோடு சண்டை. யானையைப் பற்றி விசாரிக்கப் போவதற்கு மயில்நீலப் பட்டுச்சேலை எதற்கு என்று கேட்டேன். "சொன்னதைச் செய், பிள்ளை," என்றாள். பட்டை உடுத்துக்கொண்டு, சித்திரை வெயிலில், ஐயாவோடு பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்து வீட்டு அக்கா எதிரே வந்தார். எங்கள் ஊரில் பயணம் புறப்பட்டவரை "எங்கே" என்று கேட்கக்கூடாது, காரியம் கெட்டுவிடும். அவர் முறையாக, "தூரமோ?" என்றார். ஐயாவைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நயினாதீவு அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் நெடுந்தீவு என்றார் ஐயா. குறிகட்டுவானில் வள்ளம் ஏறினோம். கோயிலில் ஐயா அர்ச்சனைக்கு இரண்டு பெயரும் இரண்டு நட்சத்திரமும் கொடுத்தார். ஒன்று என்னுடையது. மற்றது அண்ணனுடையதாக இருக்க வேண்டும். ஆனால் ஐயர் சொன்னது சுவாதி. அண்ணன் பூரட்டாதி. ஐயாவுக்கு வயது போகிறது, பெற்ற பிள்ளையின் நட்சத்திரத்தையே மறக்கத் தொடங்கிவிட்டார் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. மடத்தில் சோறும் பூசணிக்காய்க் கறியும் சாப்பிட்டோம். அன்றிரவு அம்மாவின் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். அவர்களும் என்னை ஒருமாதிரியாகத்தான் பார்த்தார்கள். ஆபிரிக்கா போகப்போகிறவளை அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் திரும்பவும் குறிகட்டுவான் வந்து நெடுந்தீவு வள்ளம் எடுத்தோம். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் பீப்பாய், ஒரு தையல் மெசின், இவற்றுக்கிடையில் நான், பட்டுச்சேலையோடு. எனக்குப் பக்கத்தில் நெடுந்தீவுக்காரப் பெண் ஒருத்தி வெறும் ஓலைக் கடகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கழுத்தில் செபமாலை. கருவாடு விற்றுவிட்டுத் திரும்புகிறாளாம்.

"உந்தச் சீலையோடை ஆரின்ரை வீட்டுக்கு, பிள்ளை?"

"ஒரு மாஸ்டரிட்டை ஆனையளைப் பற்றிக் கேக்கப் போறம்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கட ஊரிலை குதிரைதான் கிடக்கு," என்று சொல்லிவிட்டு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வாய்க்குள் சிரிக்கிறாள் என்று முதுகிலேயே தெரிந்தது.

பாதிக் கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. வள்ளக்காரர் அவசரப்படாமல் ஒரு சுருட்டைப் பற்றவைத்துவிட்டு எஞ்சினைக் கழற்றத் தொடங்கினார். அலை பக்கவாட்டில் அடித்து என் மடி முழுக்க உப்புத் தண்ணீர். கருவாட்டுக்காரி அந்தோனியாரைக் கூப்பிட்டாள். ஐயா கூப்பிட்டது கடிகாரத்தை. "ராகு காலம் தொடங்கப்போகுது. அதுக்கு முன்னம் இறங்க வேணும்," என்று வள்ளக்காரரை நச்சரித்தார். யானையைப் பற்றிக் கேட்பதற்கு ராகு காலம் என்ன, குளிகன் என்ன? ஆசை கண்ணை மறைக்கும் என்பார்கள். எனக்குக் காதையும் சேர்த்து மறைத்திருந்தது.

எப்படியோ கரை சேர்ந்தோம். சண்முகம் வாத்தியார் மாட்டு வண்டில் கொண்டுவந்து காத்திருந்தார். எங்கள் தீவில் வேலி என்றால் பனை ஓலை, இரண்டு வருடத்தில் உக்கிப்போகும். இங்கே கடற்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மதில் வைத்திருக்கிறார்கள், சாந்து பூசாமலே நிற்கிறது. மத்தியானம் அவர் வீட்டில் நண்டுக் கறியும் கல்லுப்போன்ற எருமைத் தயிரும். அந்தத் தயிரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அந்தப் பயணத்தில் என்னை ஏமாற்றாதது அது ஒன்றுதான்.

பின்னேரம் தில்லைநாதன் மாஸ்டர் தன் தாயாரோடு வந்தார். நாற்பதுக்குக் கிட்டிய வயது, முன்னந்தலையில் மயிர் கொட்டியிருந்தது, மடிப்புக் கலையாத புது ஷேர்ட். கையில் தடித்த அல்பம். கதிரையில் உட்கார்ந்து அதைத் திறந்தார். உண்மையான லுவாங்குவா. ஆற்றில் மூக்கை மட்டும் வெளியே விட்டுக் கிடக்கும் நீர்யானைகள், ஒரு மரத்தடியில் நாலைந்து சிங்கங்கள். பிறகு அந்தப் புல். சோக்கு நிறத்தில் இல்லை, பழுத்த நெல்லின் நிறத்தில். நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உதுக்குள்ளை சீலையோடை நடக்கேலுமோ?" என்று கேட்டேன். மனதில் வைத்திருந்த கேள்விகளில் அதுதான் முதலாவது.

அவர் யோசித்தார். "தெரியாது. எங்கட பொம்பிளையள் ஒருத்தரும் அங்கை நடந்ததில்லை."

அடுத்த கேள்வியை நான் கேட்பதற்குள் அவருடைய தாயார் கேட்டுவிட்டார். "பிள்ளைக்கு மாடு கறக்கத் தெரியுமோ?"

பகிடி என்று நினைத்தேன். "கொஞ்சம் தெரியும்," என்றேன். கிழவி திருப்தியோடு ஐயாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு சண்முகம் வாத்தியாரின் மனைவி சொன்னார். "வெயில் தாழ்ந்திட்டுது. மாஸ்டரோடை போய்க் குதிரையளைப் பாத்திட்டு வா, பிள்ளை." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கலியாணமாகாத பெண்ணை ஒரு ஆம்பிளையோடு வெளியே அனுப்புகிற ஊர் எங்கள் தீவுகளில் எங்கேயும் இல்லை. ஐயாவைப் பார்த்தேன். அவர் செருப்பைத் தேடுகிற பாவனையில் குனிந்துகொண்டார். நாங்கள் இரண்டு பேரும் முன்னால், நாலு பெரியவர்களும் கூப்பிடு தூரத்தில் பின்னால், அப்படி நடந்தோம்.

வழியில் பெருக்கு மரம் ஒன்று நின்றது. எப்போதோ கடல் கடந்து வந்த வியாபாரிகள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்டதென்று சொல்வார்கள். பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அதைத் தொட்டுப் பார்த்தேன். அதைத் தாண்டினால் வெட்டவெளி. குதிரைகள் அங்கே நின்றன. சித்திரைக் கோடையில் குளம் வற்றி, விலா எலும்பை எண்ணக்கூடியதாக, சேற்றை நக்கிக்கொண்டு நின்றன. சொந்தக்காரர் இல்லாத குதிரைகள். குட்டி ஒன்று தாயின் நிழலில் படுத்திருந்தது.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "நீர் லுவாங்குவாவைத்தான் சொன்னனீர் எண்டு உம்மடை அண்ணை எழுதினவர். எனக்கு நம்பேலாமல் கிடந்தது."

"ஏன்?"

"மற்ற ரண்டு பேரும் என்னிலும் பாக்க வயசு குறைஞ்சவை. காஃபுவேப் பக்கம் இருக்கிறவர் எஞ்சினியர். அருவிப் பக்கத்துக்காரர் சொந்தக் கார் வைச்சிருக்கிறார். நீர் என்னைத் தெரிஞ்செடுப்பீர் எண்டு நான் நினைக்கேல்லை."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியபோது எல்லாம் ஒரேயடியாக விளங்கியது.

எங்கள் வீடுகளில் "இந்த மாப்பிள்ளை பிடிச்சிருக்கோ" என்று பெண்ணிடம் நேரே கேட்கும் வழக்கம் இல்லை. கேட்கிறவருக்கும் கூச்சம், பதில் சொல்கிற பெண்ணுக்கு வாய்க்காரி என்று பெயர். வேறு எதையாவது கேட்பது போலக் கேட்டு, அவள் சொல்லும் பதிலில் சம்மதத்தை எடுத்துக்கொள்வார்கள். அண்ணன் சாம்பியாவில் மூன்று மாப்பிள்ளைகள் பிடித்திருக்கிறார். மூன்று பேருக்கும் செவ்வாய், மூன்று சாதகமும் எனக்குப் பொருத்தம். அவர்கள் இருக்கும் இடத்துக்கு ஒன்றாக மூன்று காடு. சாதகம் பொருந்திய காடுகள். நான் உட்கார்ந்து தண்ணீரையும் புல்லையும் ஒப்பிட்டுப் பார்த்து, அதில் ஒன்றை என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். அம்மா அழுததும், மோதகமும், சுவாதி நட்சத்திரமும், பட்டுச்சேலையும் அதற்குத்தான். எனக்குத் தெரியும் என்றுதான் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். இதுகூட விளங்காத பெண் ஒருத்தி ஊரில் இருப்பாள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் ஆசை விடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த மனிதரில் பிழையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கலியாணம்தான் அந்தப் புல்லுக்குள் போகும் வழி என்றால் அதற்கும் நான் அந்த நேரம் தயாராக இருந்தேன்.

"கலியாணம் முடிச்சால் என்னை லுவாங்குவாவுக்குக் கூட்டிக்கொண்டு போவீங்களோ?"

அவர் ஒளிக்காமல் பதில் சொன்னார். "அம்மா தனிய. மாடுகளும் நிக்குது. நீர் இங்கை அம்மாவோடை இருந்தால் எனக்கு நிம்மதி. நான் ரண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவன் தானே. அங்கை வந்து நீர் என்ன செய்யிறது?"

"பாக்கத்தான்."

"நான் பாத்திட்டன் தானே," என்றார். மிகவும் அன்பாகத்தான் சொன்னார். "அல்பத்தை உமக்கே தந்திட்டுப் போறன்."

"அப்ப அண்ணை சொன்ன டிக்கெட்?"

"அது அவர் எங்கட கலியாணத்துக்கு வந்து போறதுக்கு."

ஆக, அந்த டிக்கெட்டிலும் நான் இல்லை. மூன்று காட்டில் எதைச் சொல்லியிருந்தாலும் நான் மாடு கறந்துகொண்டு ஏதோ ஒரு தீவில்தான் இருந்திருப்பேன்.

"நான் காட்டைத்தான் சொன்னனான், மாஸ்டர்," என்றேன். "உங்களைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் ஒராள் இருக்கிறதே இங்கை வரேக்கைதான் தெரியும்."

அவர் முகம் செத்துப்போனது. எஞ்சினியரையும் கார்க்காரரையும் விட்டுத் தன்னை ஒருத்தி தெரிந்தெடுத்தாள் என்ற சந்தோஷத்தில் அந்தப் புது ஷேர்ட்டை வாங்கியிருக்கிறார். சில மாதங்கள் அந்த நினைப்போடு இருந்திருக்கிறார். பின்னால் வந்துகொண்டிருந்த தாயாரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"உதை அம்மாவுக்கு முன்னாலை சொல்லிப்போடாதையும். யோசிச்சிட்டு எழுதுறம் எண்டு சொல்லும்."

அப்படியே சொன்னேன். அவரில் எனக்கு இரக்கமாக இருந்தது. அவரையும் என்னைப் போலவே ஏமாற்றியிருந்தார்கள். கோபமெல்லாம் என் அண்ணனில்தான். கணக்கு வாத்தியார் என் ஆசையை எடுத்துத் தன் கணக்கைச் செய்திருந்தார். என்னிடம் நேரே கேட்டிருந்தால் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருப்பேன். காட்டைக் காட்டியிருக்கத் தேவையில்லை.

மூன்றாம் நாள் காலை வள்ளம். கடல் எண்ணெய் ஊற்றினாற்போல இருந்தது, எஞ்சினும் ஒழுங்காக ஓடியது. கரை மறைந்த பிறகு ஐயாவிடம் எனக்குச் சம்மதமில்லை என்றேன்.

"நீதானே உன்ரை வாயாலை சொன்னனீ, பிடிச்சிருக்கெண்டு."

"நான் காட்டைச் சொன்னனான், ஐயா."

"காட்டை ஆர் உன்னட்டைக் கேட்டது?" என்றார்.

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை. காடு என்று ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்க ஒருத்தி ஆசைப்படலாம் என்பது அவருடைய யோசனைக்குள் வரவே இல்லை. அதற்கு மேல் அவரோடு சண்டை பிடிக்க எனக்கு ஏலவில்லை. என் மடியில் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளை வெள்ளையாய்ப் படிந்திருந்ததைச் சுரண்டிக்கொண்டு வந்தேன்.

குறிகட்டுவானில் பஸ் வரப் பிந்தியது. ஐயா ஒரு சோடா வாங்கி எனக்குப் பாதி தந்தார். தன் பாதியைக் குடித்துவிட்டு, மெல்லக் கேட்டார்.

"அப்ப காஃபுவேக்கு எழுதட்டோ?"

வெறும் போத்தலைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து நானே அண்ணனுக்கு எழுதினேன். மாப்பிள்ளை வேண்டாம், காடு மட்டும் போதும், டிக்கெட்டையும் என் சம்பளத்தில் சேர்த்து நானே எடுக்கிறேன், ஓகஸ்டில் வந்து நிற்க ஒரு இடம் தந்தால் போதும் என்று எழுதினேன். பதில் வர இரண்டு மாதம் எடுத்தது. அங்கே இந்த வருடம் மழை மிகவும் கடுமையாம். ஓகஸ்டில் லுவாங்குவாப் பாதைகளெல்லாம் வெள்ளத்துக்குள் கிடக்குமாம். வருகிற வருடம் பார்ப்போமாம்.

ஓகஸ்டில் லுவாங்குவாவில் ஒரு துளி மழையும் விழுவதில்லை. புல் காய்ந்து, ஆறு சுருங்கி, மிருகங்களெல்லாம் தண்ணீர் தேடிக் கரைக்கு வந்து நிற்கும் வறண்ட மாதம் அது. அதை வருடா வருடம் பத்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவளுக்குத்தான் இதை எழுதுகிறோம் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.